கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையுள்ளோர் மீது குற்றவழக்கு வந்தால்: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் அறிய வேண்டியவை

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று வாழும் ஒருவர், தம் மீதான குற்றச்சாட்டைச் சிறியதென்று எண்ணி, அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனால் போதும் என்ற நினைப்பில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது இன்றும் அடிக்கடி நடக்கிறது. அந்த ஒப்புதலால் வதிவிட உரிமையே பறிபோகக்கூடும் என்பது, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து கனடா எல்லைச் சேவைகள் முகவரகத்தின் கடிதம் கைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது கொஞ்சமே. வழக்கு நடக்கும்போது செய்யக்கூடியதோ நிறைய. ஆகவே இந்த வழிகாட்டி, பொலிஸார் குற்றச்சாட்டைப் பதிவுசெய்த நாளிலிருந்து தொடங்குகிறது.

இது நிரந்தர வதிவாளர்களுக்கு மட்டும் உரியது. மாணவர், தற்காலிகப் பணியாளர், வருகையாளர், வாழ்க்கைத்துணையின் அனுசரணையில் முடிவுக்காகக் காத்திருப்பவர் ஆகியோருக்குப் பொருந்தும் விதிகள் இவற்றைவிடக் கடுமையானவை. கடையில் சிறு பொருளொன்றைத் திருடியதற்கான தீர்ப்புக்கூட அவர்களது நிலையைக் குலைக்கலாம்.

முதற்படி: குற்றச்சாட்டின் உச்சத் தண்டனை எத்தனை ஆண்டு என்று பாருங்கள்

2002 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவே இங்கு அடிப்படை. கனடாவில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட நிரந்தர வதிவாளர் ஒருவர், அக்குற்றத்துக்குச் சட்டம் விதித்துள்ள உச்சத் தண்டனை பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ என்றால், அல்லது அவருக்கு உண்மையில் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டினால், ‘பாரதூரமான குற்றச்செயல்’ என்ற காரணத்தால் நாட்டில் இருக்கத் தகுதியற்றவராகக் கருதப்படலாம். இவ்விரண்டில் ஒன்று இருந்தாலே போதும்.

முதலாவது அளவுகோலைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. நீதிபதி உங்களுக்கு என்ன தண்டனை கொடுத்தார் என்பதை அது கேட்பதில்லை. சட்டப்புத்தகம் அதிகபட்சமாக எவ்வளவு கொடுக்க அனுமதிக்கிறது என்பதையே கேட்கிறது. ஆயிரம் டொலர் அபராதத்துடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரும், ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காதவரும் அந்த அளவுகோலில் அகப்பட்டுக்கொள்ள முடியும். கனடாவில் பல குற்றங்களை வழக்குத்தொடுநர் இலகுவான முறையிலோ கடுமையான முறையிலோ நடத்தலாம். இலகுவான முறையைத் தெரிந்தெடுத்தார் என்பது குற்றவியல் நீதிமன்றத்தில் பெரிய ஆறுதல். ஆனால் குடிவரவுச் சட்டமோ அத்தகைய குற்றத்தைக் கடுமையான முறையில் நடத்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறது.

இரண்டு சிறிய எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். ஐயாயிரம் டொலருக்கு உட்பட்ட திருட்டுக்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட திருட்டுக்குப் பத்து ஆண்டுகள். மோசடியில் அதே ஐயாயிரம் டொலர் எல்லையைத் தாண்டினால் உச்சத் தண்டனை பதினான்கு ஆண்டுகளாகிவிடும். பிறருடைய கடன் அட்டைத் தரவுகளை வைத்திருத்தல், போலி ஆவணம் தயாரித்தல் அல்லது பயன்படுத்துதல், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல், ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுதல் ஆகியவை எல்லாமே பத்து ஆண்டு வரிசையில் உள்ளவை. குற்றச்சாட்டுத் தாளில் உள்ள பிரிவு எண்ணைச் சட்டத்தரணியிடம் காட்டி, “இதற்கு உச்சத் தண்டனை எத்தனை ஆண்டு?” என்று கேட்பதே முதல் நாளில் செய்ய வேண்டிய வேலை.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுதல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்குதான் நம்மவர் பலரது பழைய நம்பிக்கை இன்னும் மாறவில்லை. 2018 டிசம்பர் 18 வரை போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுகளாக இருந்தது. எனவே ஓர் அபராதத்தோடும் ஓட்டுநர் உரிம இழப்போடும் முடிந்த முதல் வழக்கு நிரந்தர வதிவாளரின் நிலையைப் பொதுவாகத் தொடவில்லை. அன்றைய தினம் நடைமுறைக்கு வந்த திருத்தம் உச்சத் தண்டனையைப் பத்து ஆண்டுகளாக்கியது. அதன் பின்னர் நடந்த சம்பவத்துக்காக, முதல் தடவையாக, எவருக்கும் காயமில்லாத நிலையில் தீர்க்கப்பட்டவரும் ‘பாரதூரமான குற்றச்செயல்’ என்ற வகைக்குள் வருகிறார். மூச்சுப் பரிசோதனைக்கு ஊத மறுப்பதும் அதே பத்து ஆண்டுக் குற்றம்தான் என்பதால், ஊதாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். மறுப்புக்கான குறைந்தபட்ச அபராதம் இரண்டாயிரம் டொலர்.

இந்தக் குற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேறு பல குற்றங்களில் நீதிபதி ‘டிஸ்சார்ஜ்’ வழங்கலாம். அதாவது குற்றம் நிரூபணமானாலும் தண்டனைத் தீர்ப்பு எழுதாமல் விடுவிக்கலாம். குறைந்தபட்சத் தண்டனை கட்டாயமாக உள்ள குற்றங்களுக்கு அது கிடைக்காது. போதையில் வாகனம் ஓட்டுவதற்கு முதல் தடவையே ஆயிரம் டொலர் குறைந்தபட்ச அபராதம் கட்டாயம் என்பதால் அந்தக் கதவு மூடப்பட்டிருக்கிறது. ஆகவே இத்தகைய வழக்கில் உண்மையான வழிகள் இரண்டே: பரிசோதனை நடத்தப்பட்ட விதத்தையும் சாட்சியங்களையும் கேள்விக்குட்படுத்தி வழக்காடுவது, அல்லது, சான்றுகள் பலவீனமாக இருக்கும் இடங்களில், ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான கவனமின்றி வாகனம் ஓட்டிய குற்றச்சாட்டாக அதை மாற்றுவதற்கு வழக்குத்தொடுநருடன் பேசுவது. பின்னது மாகாணச் சட்டத்தின் கீழ் வரும் மீறல். 36ஆம் பிரிவு கனடியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களின் கீழான குற்றங்களையே கணக்கெடுப்பதால், அது வதிவிட உரிமையைத் தொடாது.

சம்பவம் 2018 டிசம்பர் 18க்கு முன் நடந்ததென்றால் தீர்ப்பு எப்போது வந்தாலும் பழைய ஐந்து ஆண்டே கணக்கில் கொள்ளப்பட வேண்டும். 2017இல் ட்ரான் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்த நேரத்தில் இருந்த உச்சத் தண்டனையையே பார்க்க வேண்டும் என்று தீர்த்தது. வீட்டுக்காவலில் கழிக்கும் நிபந்தனைத் தண்டனை ஆறு மாதக் கணக்கில் ‘சிறைத்தண்டனை’ ஆகாது என்பதும் அதே தீர்ப்பில்தான் உறுதியானது.

வீட்டுக்குள் நடந்த சண்டை

கணவன் மனைவிக்கிடையே வாக்குவாதம் முற்றி எவரோ 911ஐ அழைக்கிறார்கள். பொலிஸார் வந்து ஒருவரைக் கைதுசெய்கிறார்கள். பிணையில் விடும்போது வீட்டுக்குப் போகக்கூடாது, துணையோடு தொடர்புகொள்ளக்கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஒரே நாளில் தலைகீழாகிவிடும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் விரைவில் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் இந்த நெருக்கடியில்தான் வருகிறது. வழக்கை நிறுத்துமாறு மனைவியே கேட்டால் நின்றுவிடும் என்று நம்புவோரும் உண்டு. குற்றச்சாட்டைத் தொடர்வதா கைவிடுவதா என்பதை முடிவுசெய்பவர் அரச வழக்குத்தொடுநரே. பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தை அவர் கேட்கலாம், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர்.

இங்கு குற்றச்சாட்டின் சொற்களை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். வெறும் தாக்குதலுக்கு உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுகள். ‘ஆயுதத்தால் தாக்குதல்’, ‘உடற்காயம் விளைவித்த தாக்குதல்’, கழுத்தை நெரித்தல் ஆகியவற்றுக்குப் பத்து ஆண்டுகள். ஆயுதம் என்றதும் கத்தியோ துப்பாக்கியோ மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. காயப்படுத்தவோ பயமுறுத்தவோ பயன்படுத்திய எந்தப் பொருளும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. எறிந்த கைத்தொலைபேசியும் ஓங்கிய அகப்பையும் அதற்குள் அடங்கும். ஒரே இரவில் நடந்த ஒரே சண்டைக்காக வெறும் தாக்குதலை ஒப்புக்கொள்வதற்கும் ஆயுதத்தால் தாக்கியதை ஒப்புக்கொள்வதற்கும் தண்டனையில் பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம். வதிவிட உரிமையில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

வன்முறைக்கு உள்ளானவர் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இங்கே சொல்வது எதுவும் அந்தப் பாதுகாப்பைக் குறைப்பதற்காக அல்ல. அதே நேரம், பொலிஸார் வந்தபோது ஆங்கிலத்தில் தன் பக்கத்தைச் சொல்ல முடியாத பெண்ணே கைதாகும் வழக்குகளும் உண்டு. அவருக்கும் இதே விதிகள்தாம்.

இரண்டாம் படி: வாய் திறக்கும் முன் ஆலோசனை

கைதான உடன் சட்டத்தரணியோடு தாமதமின்றிப் பேசும் உரிமையை உரிமைகள் சாசனத்தின் 10ஆம் பிரிவும், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை 14ஆம் பிரிவும் தருகின்றன. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம். அரைகுறையாக விளங்கிய ஒரு கேள்விக்குத் தலையாட்டியது பின்னர் ஒப்புதலாகப் பதிவாகிவிடும். நீதிமன்றத்தில் அன்றைய கடமையில் இருக்கும் இலவசச் சட்டத்தரணி உதவி செய்வார். ஆனால் அவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் குடியுரிமை பெற்றவரல்லர், நிரந்தர வதிவாளர் மட்டுமே என்பதை நீங்களாகவே அவரிடம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவரைப் பார்த்து எவரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடலாம்.

குற்றவியல் சட்டத்தரணி ஒருவர் மட்டும் போதாது என்பதே என் உறுதியான கருத்து. குடிவரவுச் சட்டம் தனித்துறை. குற்றவியலில் மிகத் திறமையானவரும் அதன் நுணுக்கங்களை அறியாதிருக்கலாம். ஒப்புதல் கொடுப்பதற்கு முன், குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்து மூலமான ஒரு கருத்தைப் பெற்று அதைக் குற்றவியல் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வருமானம் குறைந்தோர் ஒன்ராறியோ சட்ட உதவி நிறுவனத்தை நாடலாம். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையினூடாக முப்பது நிமிடம் வரையான இலவச ஆலோசனையும் கிடைக்கிறது.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாததற்கு வாங் என்பவரின் வழக்கே சான்று. போதைப்பொருள் விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த நிரந்தர வதிவாளருக்கு ஒன்பது மாதச் சிறை கிடைத்தது. அதனால் நாடுகடத்தப்படலாம் என்றோ நாடுகடத்தல் உத்தரவுக்கு எதிரான மேன்முறையீட்டு உரிமை போய்விடும் என்றோ அவருக்குத் தெரியாது. குடிவரவு விளைவு ஒப்புதலுக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும், தெரிந்திருந்தால் தாம் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்று அவர் தம் சத்தியக் கடதாசியில் சொல்லவில்லை என்பதால் ஒப்புதலை மீளப்பெற அவரை அனுமதிக்கவில்லை.

மூன்றாம் படி: எந்த முடிவுக்காகப் பேச்சு நடத்துவது

வழக்குத்தொடுநரோடு பேசும்போது உங்கள் சட்டத்தரணி எதைக் குறிவைக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டால் தீர்ப்பே இல்லை. முதல் தடவை சிறு குற்றத்தில் சிக்கியவரை நீதிமன்றத்துக்கு வெளியே, சமூகப்பணி அல்லது ஆலோசனை வகுப்பு ஆகியவற்றின் மூலம் விடுவிக்கும் மாற்றுத்திட்டங்கள் உண்டு. நல்லொழுக்கமாக இருப்பேன் என்று கையொப்பமிடும் அமைதிப் பிணைமுறி இன்னொரு வழி. அதுவும் குற்றத் தீர்ப்பாகாது. அடுத்தது, மேலே சொன்ன டிஸ்சார்ஜ். நிபந்தனை உடையதாயினும் இல்லாததாயினும் டிஸ்சார்ஜ் பெற்றவர் குற்றவாளியாகத் தீர்க்கப்படாதவராகவே சட்டத்தில் கருதப்படுவதால் 36ஆம் பிரிவின் இந்தப் பகுதி அவரைத் தொடாது. குறைந்தபட்சத் தண்டனை கட்டாயமாக உள்ள குற்றங்களுக்கும், உச்சத் தண்டனை பதினான்கு ஆண்டு அல்லது ஆயுள் என்றுள்ள குற்றங்களுக்கும் அது கிடையாது.

இவை எதுவும் முடியாமல் சிறைத்தண்டனை நிச்சயம் என்றால், ‘ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு’ என்ற சொற்றொடரை மறக்க வேண்டாம். காரணம் இது. உச்சத் தண்டனை பத்து ஆண்டுக்குக் குறைந்த குற்றமெனில், ஆறு மாதத்தைத் தாண்டிய சிறைத்தண்டனையே உங்களைத் தகுதியற்றவராக்கும். பத்து ஆண்டுக் குற்றமெனில் நீங்கள் ஏற்கெனவே அந்த வகைக்குள் வந்துவிட்டீர்கள். ஆனால் நாடுகடத்தல் உத்தரவுக்கு எதிரான மேன்முறையீட்டு உரிமையை இழப்பது ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் மட்டுமே. சரியாக ஆறு மாதம் பெற்றவருக்கு மேன்முறையீடு இல்லை. ஒரு நாள் குறைவாகப் பெற்றவருக்கு உண்டு. பிணை கிடைக்காமல் தடுப்பில் இருந்த நாட்களை நீதிபதி தண்டனையில் கழித்துக் கணக்கிட்டால் அந்த நாட்களும் இதில் சேரும் என்பதால், பிணைக்கு விண்ணப்பிக்காமல் உள்ளே இருந்து ‘காலத்தைக் கழிப்பது’ ஆபத்தான யோசனை.

2013இல் ஃபாம் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றத்துக்கும் குற்றவாளிக்கும் பொருத்தமான வரம்பைவிட்டு விலகாத வரை, குடிவரவு விளைவைத் தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொள்ளலாம் என்று சொல்லி, இரண்டு ஆண்டுத் தண்டனையை ஒரு நாளால் குறைத்தது. அந்நாளில் மேன்முறையீட்டுக்கான எல்லை இரண்டு ஆண்டுகளாக இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பாராளுமன்றம் அதை ஆறு மாதமாக இறுக்கிவிட்டது. நீதிபதியிடம் இந்த வாதம் முன்வைக்கப்படாமல் தண்டனை முடிந்துவிட்டதெனில், ஒன்ராறியோவில் முப்பது நாட்களுக்குள் தண்டனைக்கு எதிராக மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: கடிதம் வந்தால்

தீர்ப்புக்குப் பின் எல்லைச் சேவைகள் முகவரகம் உங்களுக்கு எழுதலாம். விமான நிலையத்தில் நாடு திரும்பும்போதும் விடயம் வெளிப்படலாம். இதற்குக் காலவரையறை எதுவும் சட்டத்தில் இல்லை என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தது பாதுகாப்புக்கு அடையாளமாகாது. தீர்ப்பு உள்ளவர் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் ஆலோசனை பெறுவது நல்லது.

கடிதம், நீங்கள் நாட்டில் இருக்கத் தகுதியற்றவர் என்று குடிவரவுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் அறிக்கை எழுத எண்ணியுள்ளதாகவும் நீங்கள் சொல்ல வேண்டியதைக் குறித்த தேதிக்குள் எழுத்தில் தரலாம் என்றும் சொல்லும். இதைப் பதிலளிக்காமல் விடுவதைப் போன்ற இழப்பு வேறில்லை. அதிகாரிக்கு இந்தக் கட்டத்தில், அளவானதே ஆயினும், ஒரு தெரிவுரிமை உண்டு: எச்சரிக்கைக் கடிதத்தோடு கோப்பை மூடிவிடலாம். கோப்பு குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் குடிவரவுப் பிரிவுக்குப் போய்விட்டால், அங்குள்ள உறுப்பினர் குற்றத் தீர்ப்பு இருக்கிறதா, அது 36ஆம் பிரிவுக்குள் வருகிறதா என்பதை மட்டுமே பார்ப்பார். இருந்தால் நாடுகடத்தல் உத்தரவைப் பிறப்பித்தே ஆக வேண்டும். பிள்ளைகளைப் பற்றியோ நோயைப் பற்றியோ கேட்க அவருக்கு அதிகாரமில்லை.

பதிலில் உணர்ச்சியான வேண்டுகோளைவிடச் சான்றுகளே எடுபடும். எந்த வயதில் வந்தீர்கள், எத்தனை ஆண்டு வேலை, வரிக்கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் பள்ளி அறிக்கைகளும், உங்களில் தங்கியிருக்கும் பெற்றோரின் மருத்துவக் குறிப்புகள், முடித்த ஆலோசனை வகுப்புகள், மது விடுத்ததற்கான ஆதாரம், குற்றத்தை அறிந்த நிலையில் உங்களைப் பற்றி எழுதும் முதலாளியின் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். குற்றத்தைக் குறிப்பிடாமல் ‘நல்ல மனிதர்’ என்று மட்டும் சொல்லும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. பதிலைச் சட்டத்தரணி பாராமல் அனுப்ப வேண்டாம். அதில் எழுதியது பின்னர் விசாரணையில் உங்களுக்கு எதிராகவும் வாசிக்கப்படலாம்.

ஐந்தாம் படி: நாடுகடத்தல் உத்தரவுக்குப் பின்

மேன்முறையீட்டு உரிமை உள்ளவர் உத்தரவு கிடைத்த முப்பது நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். முழு வாழ்க்கையையும் எடுத்துச்சொல்ல இடமளிப்பது இந்த அமைப்பே. 1985ஆம் ஆண்டின் ரிபிக் வழக்கிலிருந்து வந்த அளவுகோல்களின்படி, குற்றத்தின் கடுமை, திருந்தும் வாய்ப்பு, கனடாவில் வாழ்ந்த காலமும் வேரூன்றிய அளவும், குடும்பத்துக்கு நேரும் பாதிப்பு, சமூகத்தின் ஆதரவு, அனுப்பப்படும் நாட்டில் காத்திருக்கும் இன்னல் ஆகியவற்றை அது எடைபோடும். உத்தரவை ரத்துச்செய்யலாம், அல்லது நிபந்தனைகளோடு ஒரு காலத்துக்கு நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைக்கப்பட்ட காலத்தில் 36(1)ஆம் பிரிவுக்குள் வரும் இன்னொரு குற்றத் தீர்ப்பு வந்தால் அந்த நிறுத்தம் தானாகவே அற்றுப்போகும்.

மேன்முறையீட்டு உரிமை இல்லாதவருக்கு எஞ்சியது, பதினைந்து நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு நீதிமுறை மீளாய்வுக்கு விண்ணப்பிப்பது. முடிவு சட்டப்படி நியாயமாக எடுக்கப்பட்டதா என்பதையே அந்த நீதிமன்றம் பார்க்கும்.

அகதியாக ஏற்கப்பட்டு வதிவிட உரிமை பெற்றவர்களுக்கு, இலங்கையிலிருந்து வந்த நம்மவர் பலர் இவ்வகையினர் என்பதால், ஒன்றைச் சொல்ல வேண்டும். துன்புறுத்தல் காத்திருக்கும் நாட்டுக்கு அவர்களைத் திருப்பியனுப்புவதை 115ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் அவர் பொதுமக்களுக்கு ஆபத்தானவர் என்று அமைச்சர் கருத்துத் தெரிவித்தால் அந்தப் பாதுகாப்பு நீங்கும். அது நீங்காத நிலையிலும் வதிவிட உரிமை போய்விட்டால், திருப்பியனுப்பப்படாமலும் உரிய நிலையில்லாமலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

குடியுரிமை

கனடியக் குடிமகனைக் குற்றத் தீர்ப்புக்காக நாடுகடத்த முடியாது. ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இங்கே வாழ்ந்தவுடன் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தும், மொழித் தேர்வுக்குப் பயந்தோ கட்டணத்தை எண்ணியோ ஒத்திப்போடும் குடும்பங்கள் உள்ளன. மொழிச் சான்றும் அறிவுத் தேர்வும் 18 முதல் 54 வயதுக்குட்பட்டோருக்கே தேவை. வழக்கு வந்துவிட்டால் இந்த வழியும் அடைபடும்: கடுமையான முறையில் நடத்தக்கூடிய குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளபோதும், சிறையிலோ புரொபேஷன் எனப்படும் நன்னடத்தைக் கண்காணிப்பிலோ உள்ளபோதும் குடியுரிமை வழங்கப்பட மாட்டாது, கடுமையான முறையில் நடத்தப்பட்ட குற்றத்துக்கான தீர்ப்பு வந்தால் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பெற்றோர் குடியுரிமை பெற்றதால் கனடாவுக்கு வெளியே பிறந்த பிள்ளையும் தானாகவே குடிமகனாகிவிடுவதில்லை. கைக்குழந்தையாக வந்து, இங்கேயே படித்து, தமிழைவிட ஆங்கிலம் சரளமாகப் பேசும் இளைஞர், தமக்கு விண்ணப்பிக்கப்படவே இல்லை என்பதைத் தம் முதல் வழக்கின்போது அறிந்துகொள்வது மிகவும் வேதனையானது. பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றவராகவோ அதே நேரத்தில் விண்ணப்பிப்பவராகவோ இருந்தால், 18 வயதுக்குட்பட்ட, நிரந்தர வதிவிட உரிமையுள்ள பிள்ளைக்கு 1,095 நாள் கணக்கும் இல்லை, தேர்வும் இல்லை. 12 முதல் 17 வயதில் இளையோர் நீதிமன்றம் விதிக்கும் இளையோர் தண்டனையை 36ஆம் பிரிவு பொதுவாகக் கணக்கெடுப்பதில்லை. 18 வயதில் அந்த இரண்டு சலுகைகளும் ஒன்றாக முடிந்துவிடும். ஆகவே வீட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் குடியுரிமைச் சான்றிதழையும் இப்போதே தேடிப் பாருங்கள்; இல்லாவிட்டால் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.